உங்களுக்குத் தெரியுமா? ஐ.சி.யூ. கட்டிலிலிருந்து ஆய்க்குடி வரை

● ஐ.சி.யூ.வில் பத்து நாள் படுத்தால் தொடைத் தசை என்ன ஆகும்? லண்டனில் 63 நோயாளிகளுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். முன்தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு பத்தாம் நாளில் சராசரியாக 17.7 சதவீதம் சுருங்கியிருந்தது. 2013-இல் வெளியான கணக்கு இது. ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்தவர்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். “ஆள் பிழைச்சு வந்துட்டாரு, ஆனா கால் ஊன முடியலையே” என்று வீட்டில் அங்கலாய்ப்பதற்குக் காரணம் இதுதான். சாப்பாடு மட்டும் கொடுத்துச் சரிசெய்துவிட முடியாது.

● மூச்சு விட உதவும் உதரவிதானமும் தசைதான். வென்டிலேட்டர் அதன் வேலையை முழுக்க வாங்கிக்கொண்டால் அதுவும் இளைத்துவிடும். மூளைச்சாவு அடைந்து, 18 முதல் 69 மணி நேரம் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் உதரவிதானத்தை 2008-இல் சோதித்தார்கள். தசை நார்களின் பருமன் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மூன்று நாள்கூட ஆகவில்லை! மிஷினைச் சீக்கிரம் எடுக்க டாக்டர்கள் அவசரப்படுவதில் அர்த்தம் இருக்கிறது.

● “மூச்சுக்கே மிஷின் மாட்டியிருக்கு. இப்பப் போய் உட்கார வைக்கணுமாம்மா?” ஐ.சி.யூ. வாசலில் பிசியோதெரபிஸ்ட்டிடம் வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவரைக் குறை சொல்லவும் முடியாது. சுற்றிலும் குழாய், ஒயர், ‘பீப்’ சத்தம். ஆனால் யாரும் எடுத்த எடுப்பில் உட்கார வைத்துவிடுவதில்லை. முதலில் ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, ஓடிக்கொண்டிருக்கும் மருந்து எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நோயாளி மயக்கத்தில் இருந்தால் கை கால் மூட்டுகளைப் பிசியோதெரபிஸ்ட்டுகளே மடக்கி நீட்டுவார்கள். விழித்ததும் “விரலை அழுத்துங்க”, “முட்டியை மடக்குங்க” என்று பயிற்சி ஆரம்பிக்கும். பிறகு கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைப்பது, எழுந்து நிற்க வைப்பது, பக்கத்து நாற்காலிக்கு மாற்றுவது. டியூபை ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மானிட்டரைப் பார்க்க, வென்டிலேட்டரோடேயே நாலு அடி நடக்க வைக்கிற இடங்களும் உண்டு.

● பலத்துக்கும் மார்க் உண்டு. கை கால்களில் 12 தசைக்கூட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 5 மார்க், ஆக மொத்தம் 60. 48-க்குக் கீழே போனால் ‘ஐ.சி.யூ. பலவீனம்’ என்று எழுதுவார்கள்.

● 2009-இல் அமெரிக்காவில் 104 வென்டிலேட்டர் நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்தார்கள். இரு குழுவுக்கும் தினமும் மயக்க மருந்தை நிறுத்தி எழுப்பினார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் ஆரம்ப நாட்களிலேயே உடற்பயிற்சி. டிஸ்சார்ஜ் ஆகும்போது குளியல், சாப்பாடு, நடை என்று தன் வேலையைத் தானே செய்யும் நிலைக்கு வந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 59 சதவீதம், மற்றதில் 35. அதற்குப் பிறகு உலகம் முழுக்க உற்சாகம். ஆனால் 2022-இல் 750 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு அந்த உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்கியது. வழக்கமான பயிற்சியைவிடக் கூடுதலாக, வேகமாகச் செய்ததில் தனிப் பலன் தெரியவில்லை. இதயத் துடிப்புத் தாறுமாறாவது, ரத்த அழுத்தம் மாறுவது போன்ற தொல்லைகள்தான் கூடின. ஆகவே “என் அப்பாவுக்கு மட்டும் ஏன் இன்னும் நடக்க வைக்கலை?” என்று பிசியோவிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். அவரவர் உடம்புக்கு அவரவர் அளவு.

● ஐ.சி.யூ. என்ற ஏற்பாட்டையே உருவாக்கியது இளம்பிள்ளை வாதம்தான். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி, மூச்சுத் தசை முடங்கியவர்கள் வந்து குவிந்தார்கள். மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சென் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, கையால் பையை அழுத்திக் காற்று கொடுக்கச் சொன்னார். சுமார் 1,500 மாணவர்கள் ஷிப்ட் போட்டு இரவும் பகலும் அழுத்தினார்கள்.

● தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கத்தின் பெயரில் உள்ள ‘அமர்’ ஒரு டாக்டர். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் பெங்களூர் போயிருந்தார் இன்ஜினீயரிங் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன். உடற்தகுதிச் சோதனையின்போது விழுந்தார். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு, அதற்குக் கீழே உடம்பு செயலிழந்தது. ராணுவ மருத்துவமனையில் அவருக்குத் தைரியமும் சிகிச்சையும் தந்தவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல். ஊர் திரும்பிய ராமகிருஷ்ணன், 1981-இல் அந்தப் பெயரில் சங்கத்தைத் தொடங்கினார். ஐ.நா. சபை ஊனமுற்றோருக்கான ஆண்டாக அறிவித்த வருடம் அது.

ஓலைக் கொட்டகைப் பள்ளியாக ஆரம்பித்தது இன்று பள்ளி, பிசியோதெரபி, சக்கர நாற்காலி, செயற்கைக் கால், தொழிற்பயிற்சி எல்லாம் உள்ள பெரிய வளாகம். சங்கத்தை அவரோடு சேர்ந்து நடத்தும் எஸ். சங்கர ராமன், தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு ஆடிட்டர். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கென்றே அங்கே ஒரு மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது. பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்த ஒருவரைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றிவிடலாம். அதன் பிறகு கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது, சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைப்பது எல்லாம் யார் சொல்லித்தருவது? பெரிய ஊர்களிலேயே அதற்கு ஆள் தேட வேண்டியிருக்கிறது.

● கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவருக்கு உட்கார்ந்திருப்பதைவிட மல்லாந்து படுத்தால் மூச்சு எளிது. நம் அனுபவத்துக்கு நேர் தலைகீழ்! வயிற்றுத் தசை வேலை செய்யாததால், உட்கார்ந்ததும் குடல் முன்னே சரிந்து உதரவிதானம் கீழே இறங்கிவிடுகிறது. இழுத்துச் சுருங்க அதற்கு இடம் குறைகிறது. அதனால்தான் இவர்களை உட்கார வைக்குமுன் வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டுகிறார்கள். இருமவும் வயிற்றுத் தசை வேண்டும். நோயாளி இருமப் பார்க்கும் அதே நொடியில் பிசியோ இரு கைகளாலும் வயிற்றை மேல்நோக்கி அழுத்துவார், சளி வெளியே வரும். பார்ப்பதற்கு முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் சளி தேங்கி நிமோனியா வந்துதான் இவர்களில் பலர் உயிரிழக்கிறார்கள்.

● படுக்கைப்புண் வராமலிருக்க, தண்டுவடம் அடிபட்டவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதை விடாப்பிடியான நியமமாக்கியவர் டாக்டர் லுட்விக் குட்மன். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவை ஆரம்பித்து, நள்ளிரவிலும் போய்ச் சோதிப்பாராம். 1948-இல் சக்கர நாற்காலி நோயாளிகள் 16 பேரை வைத்து அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியிலிருந்து வளர்ந்ததுதான் பாராலிம்பிக்ஸ்.

● வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963-இல் வேலூரில் அதற்கென்றே ஒரு துறையைப் பொறுப்பேற்று நடத்தினார். 1966-இல் மறுவாழ்வு நிலையமும் வந்தது.

● மரத்திலிருந்து விழுந்தவரைக் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அதுவரை தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் அசையாமல் இருக்கட்டும். “தண்ணி குடுங்கப்பா” என்று தலையைத் தூக்கிக் கொடுப்பதும் வேண்டாம்.

● ஆய்க்குடிச் சங்கம், வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்காக ‘எனேபிளிங் இன்க்ளூஷன்’ என்று ஒரு செயலி வைத்திருக்கிறது. கிராமத்திலேயே பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீட்டுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்க, முன்னேற்றம் செயலியில் பதிவாகும். தேர்ந்த தெரபிஸ்ட்டுகள் அதைப் பார்த்து அடுத்ததைச் சொல்வார்கள். வாரத்துக்கு ஒருநாள் பஸ் ஏறி டவுனுக்குப் போவதைவிடத் தினமும் வீட்டுத் திண்ணையில் அம்மாவே செய்வது பிள்ளைக்கு நல்லது.

● பெரியவர்களுக்கும் வீட்டுக்கே பிசியோ வருவது உண்டு. தமிழக அரசு 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரையோடு பிசியோதெரபியும் சேர்த்தி. பக்கவாதம் வந்தவரோ ஐ.சி.யூ.விலிருந்து திரும்பியவரோ வீட்டில் இருந்தால், டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மாத்திரை வாங்கப் போகிற பலரும் இதைக் கேட்பதே இல்லை.