டீசல் மேல் பழி

“டீசல்ல தண்ணி இருந்திருக்கு சார். இதுக்கு வாரண்டி வராது.”

சர்வீஸ் கவுண்டரில் இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டால் போதும், பிக்கப் ஓனர் வாயடைத்துப் போவார். குஜிலியம்பாறை டீக்கடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த தம்பியும் அப்படித்தான் திரும்பி வந்திருந்தார். முருங்கைக்காயும் தக்காளியும் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறவர். விடியற்காலையில் செல்ஃப் அடித்தால் வண்டி உடனே எடுப்பதில்லை. எடுத்தாலும் வெள்ளைப் புகை. சும்மா நிற்கவிட்டால் கேபினே ஆடுகிறது.

“நாலு இன்ஜெக்டரும் போச்சுங்கிறாங்கண்ணே. ஒண்ணே பத்தாயிரத்துக்கு மேல. டியூ கட்டுறதா, இதைக் கட்டுறதா? வண்டி எடுத்து ரெண்டு வருசம்கூட ஆகல.”

“டீசலை யாரு பார்த்தாங்க?”

“பார்க்கலீங்கண்ணே. சொன்னாங்க.”

விஷயமே அந்தப் பதிலில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன், கெட்டுப்போனதாகச் சொல்லப்படும் சாமான் என்ன, ஏன் இவ்வளவு நோஞ்சானாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் கவுண்டரில் வாதாட முடியாது.

அப்பா காலத்து லாரிகளில் மைக்கோ பம்பு இருந்தது. 1951இல் தொடங்கிய அந்த பெங்களூர் மைக்கோ கம்பெனிதான் 2008இல் பாஷ் என்று பெயர் மாறியது. அந்தக் காலத்து நாசில் 200 பார் அழுத்தம் வாக்கில் திறக்கும். கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் தண்ணீர் எல்லாவற்றையும் தாங்கும். கெட்டால் பம்பு நாசில் கடைக்காரர் கழற்றிப் பார்த்து, சரிசெய்து, அன்று சாயங்காலமே மாட்டிவிடுவார். இன்றைய பிக்கப்பில் இருப்பது காமன் ரெயில். ஒரு பம்பு டீசலை அழுத்தி ‘ரெயில்’ என்கிற ஒரு தடித்த குழாயில் தேக்கி வைக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இன்ஜெக்டர். எப்போது திறப்பது, எத்தனை நேரம் திறந்திருப்பது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. அழுத்தம் 1600 பார், சில வண்டிகளில் அதற்கும் மேல். பின் டயரில் நாம் அடிக்கிற காற்று நாலைந்து பார்தான்.

அந்த அழுத்தத்தை அடக்கி ஆள்கிற ஊசிக்கும் அது ஏறி இறங்குகிற உறைக்கும் நடுவில் உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. அதற்குள் ஒரு தூசி போய்விட்டால் கீறல். தண்ணீர் போனால் துரு. முருங்கைக்கு மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரில் நாசில் தேய்ந்துவிட்டால், புகைபோலப் பரவ வேண்டிய மருந்து சொட்டுச் சொட்டாக விழுமே, இங்கும் அதே கதைதான். சொட்டாக விழுகிற டீசல் முழுதாக எரியாது. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வெள்ளைப் புகையாகவும், லோடு ஏற்றி மேடு ஏறும்போது கருப்புப் புகையாகவும் வெளியே வரும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து என்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும், முகர்ந்தால் டீசல் வாடை வரும். அந்த நிலையிலும் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால் பிஸ்டன் ஓட்டையாகிற அளவுக்குப் போகலாம். அதன்பின் பேச்சு இன்ஜெக்டரைப் பற்றி இருக்காது.

இன்னொரு சங்கதி. இந்தப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் தனியாக ஆயில் கிடையாது. டீசலின் வழவழப்புதான் அவற்றுக்கு மசகு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்தபோது டீசலில் அனுமதிக்கப்பட்ட கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. காற்றுக்கு நல்லது. ஆனால் கந்தகத்தை எடுக்கிற வேலையில் டீசலின் இயல்பான வழவழப்பும் கொஞ்சம் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட சுத்திகரிப்பு ஆலையில் ஒரு மருந்து சேர்க்கிறார்கள். ஓர் உருண்டையைத் தகட்டின் மேல் டீசலுக்குள் உரசவிட்டு, விழுகிற தேய்மானத் தழும்பை அளப்பது சோதனை. தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுத் தர அளவு. ஐரோப்பாவிலும் அதேதான். அமெரிக்காவில் 520 வரை விடுகிறார்கள்.

இந்த அறுபது மைக்ரான் வித்தியாசத்தில்தான் அங்கே பெரிய வழக்கே ஓடியது. ஜெனரல் மோட்டார்ஸின் 2011 முதல் 2016 வரையிலான டியூராமேக்ஸ் டீசல் பிக்கப்களில் பாஷ் நிறுவனத்தின் சி.பி.4 என்ற பம்பு இருந்தது. அது உள்ளே தேய்ந்து, இரும்புத் தூள் ரெயில் வழியாக எல்லா இன்ஜெக்டருக்கும் போனது. டீலரிடம் போனால் ‘டீசல் சரியில்லை’ என்ற பதில். ஐரோப்பிய டீசலுக்கு ஏற்ற பம்பை அமெரிக்க டீசலில் ஓடவிட்டால் தேயாமல் என்ன செய்யும் என்று ஓனர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2024இல் 5 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. அந்த வாதம் நமக்கு அப்படியே பொருந்தாது, நம் அளவு 460தானே. ஆனால் கவுண்டரில் சொல்லப்படுகிற வசனம் கடல் கடந்தும் ஒன்றாகவே இருக்கிறது, கவனித்தீர்களா?

நம் நாட்டு உதாரணம் இதைவிடச் சுவையானது. 2021 ஜூலையில் மஹிந்திரா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஜூன் 21 முதல் ஜூலை 2 வரை நாசிக் ஆலையில் தயாரான டீசல் வண்டிகளில் 600க்கும் குறைவானவற்றைச் சோதித்து, தேவைப்பட்டால் இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்றார்கள். காரணம், குறிப்பிட்ட ஒரு நாளில் ஆலைக்கு வந்த டீசல் கலப்படமாக இருந்திருக்கலாம், அது என்ஜின் பாகங்களைப் பாதித்திருக்கலாம் என்ற சந்தேகம். கம்பெனி தானாக முன்வந்து செய்தது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தம்பியிடம் நான் சொன்னது வேறு. ஆலைக்கே கெட்ட டீசல் வரலாம் என்றால், டீசல் எங்கே எப்போது கெட்டது என்பது கவுண்டரில் நின்றபடி வாயால் முடிவுசெய்கிற விஷயம் கிடையாது. சோதிக்க வேண்டும்.

“அப்ப டீலர் சொல்றது பூராவும் பொய்யாண்ணே?”

அப்படியும் சொல்ல முடியாது. விலை குறைவு என்று ‘பயோ டீசல்’ பெயரில் விற்கும் கண்ட எண்ணெயை வாங்கி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். துருப்பிடித்த பேரலில் வாங்கி வைத்து, தோட்டத்தில் கேனைத் திறந்தபடி விட்டு, அதையே டேங்கில் சரிக்கிறவர்களும் உண்டு. மீட்டரில் டீசல் ஃபில்டர் விளக்கு எரிந்தால் ‘சென்சார் கோளாறு’ என்று தாங்களே தீர்ப்பு எழுதி வாரக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கும் குறைவில்லை. அந்த விளக்கு, ஃபில்டரின் அடியில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று சொல்கிறது. அடியில் ஒரு திருகு இருக்கும். தளர்த்தினால் தண்ணீர் வடிந்துவிடும். சில நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஓட்டினால் வண்டியின் கம்ப்யூட்டரில் அது பதிவாகியிருக்கவும் வாய்ப்புண்டு, அப்புறம் எந்த வாதமும் நிற்காது.

தம்பி அப்படிப்பட்டவர் இல்லை. ஒரே பங்க், ஜி.பே.யில் பணம், எல்லா சர்வீஸும் ஷோரூமில். அவர் விட்ட இடம் ஒன்றுதான். ஜாப் கார்டில் அட்வைசர் ‘ஸ்டார்ட்டிங் ப்ராப்ளம், ஜெனரல் செக்கப்’ என்று எழுதியதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். உங்கள் புகார் உங்கள் வார்த்தையில் அதில் இருக்க வேண்டும்: காலையில் இத்தனை நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது, இன்ன நிறப் புகை, ஓடிய கிலோமீட்டர் இவ்வளவு. நகல் இல்லாமல் வண்டியை விட்டுவிட்டு வரக் கூடாது. பின்னால் வாரண்டி தேதி தாண்டினாலும், புகார் தேதிக்குள் பதிவானது என்று காட்டுகிற ஒரே காகிதம் அதுதான்.

அடுத்தது டீசல். இன்ஜெக்டரைக் கழற்றுவதற்கு முன்பே டேங்கிலிருந்து ஒரு பாட்டில், ஃபில்டரிலிருந்து ஒரு பாட்டில், உங்கள் எதிரில் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி பாட்டிலாக இருந்தால் நல்லது. தண்ணீர் இருந்தால் சிறிது நேரத்தில் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், கண்ணாலேயே பார்க்கலாம். மூடி, சீல் வைத்து, இரண்டு பேரும் கையெழுத்திட்டு, ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பங்கில் போய் அடர்த்தியைச் சோதித்துக் காட்டச் சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. லாரியில் வந்தபோது பில்லில் எழுதியிருந்த அடர்த்திக்கும் அவர்கள் அளந்து காட்டுவதற்கும் மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

பிறகு ரிட்டர்ன் சோதனை. இதை நேரில் நின்று பார்க்க வேண்டும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஒவ்வோர் இன்ஜெக்டரிலும் மிச்ச டீசல் திரும்பிப் போகும் மெல்லிய குழாய் உண்டு. அதைக் கழற்றி, அளவுக்கோடு போட்ட நாலு பிளாஸ்டிக் பாட்டில்களை வரிசையாகத் தொங்கவிட்டு, நாலுக்கும் குழாய் மாட்டி என்ஜினை ஓடவிடுவார்கள். நல்ல இன்ஜெக்டர்களின் பாட்டிலில் டீசல் மெல்ல, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஏறும். உள்ளே தேய்ந்துபோனதன் பாட்டில் மட்டும் கண்ணெதிரிலேயே விறுவிறுவென்று நிறையும். நாலில் ஒன்றுதான் அப்படி என்றால், உடனே ஒரு கேள்வி கேட்கலாம்: நாலுக்கும் ஒரே டேங்க், ஒரே ஃபில்டர், ஒரே ரெயில். கெட்ட டீசல் ஒன்றை மட்டும் தேடிப் பிடித்துக் கெடுத்ததா? இதுவே முடிவான நிரூபணம் ஆகிவிடாது, ஒரு துகள் ஒன்றில் மட்டும் மாட்டுவதும் உண்டு. ஆனாலும் எதிரில் இருப்பவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சில நேரம் இன்ஜெக்டரே கெட்டிருக்காது. அதன் அடியில் இருக்கும் செம்பு வாஷர் சரியாக உட்காராமல் புகை கசிந்து, சுற்றிலும் கரி தார்போல இறுகியிருக்கும். வாஷர் சல்லிசு. நாலு இன்ஜெக்டருக்கு எஸ்டிமேட் போடுவதற்கு முன் அதைப் பார்த்தார்களா என்று கேட்பதில் தப்பில்லை.

இதற்குள் டீ ஆறிப்போய், இன்னொன்று சொன்னோம். தம்பி வாரண்டி புத்தகத்தை வண்டியிலிருந்து எடுத்து வந்தார். பொடி எழுத்து. சில கம்பெனிகளின் வாரண்டியில் ஒரு ஷரத்து இருக்கும்: டயர், பேட்டரி, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் சாமான் போன்று நாங்கள் தயாரிக்காத பாகங்களுக்கு எங்கள் வாரண்டி பொருந்தாது, அவற்றைச் செய்தவர்களின் வாரண்டி உங்களுக்குக் கிடைக்கும் என்று. அதாவது இன்ஜெக்டர் பாஷ் என்றால் பாஷின் அங்கீகாரம் பெற்ற டீசல் சென்டரில் பெஞ்சில் போட்டுச் சோதித்து அறிக்கை வர வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து டெல்ஃபி டி.வி.எஸ். சாமான் என்றால் அவர்களுடைய சென்டரில். டீலர் ‘வாரண்டி வராது’ என்று சொல்வது பல நேரம் ‘என் கணக்கில் வராது’ என்ற அர்த்தத்தில்தான். பெஞ்ச் அறிக்கை எங்கே, நகல் கொடுங்கள் என்று கேட்டால் பேச்சு வேறு திசைக்குப் போகும். வாரண்டியை மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தரவில்லை என்றால், நீங்கள் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டு, கேட்டும் தரவில்லை என்பதைப் பதிவு செய்யுங்கள். வெளியில் கொடுத்துக் கழற்றுவதை மட்டும் இந்த விவகாரம் முடியும்வரை தள்ளிப்போடுங்கள். வெளிக்கை பட்ட வண்டி என்பதுதான் அடுத்த சாக்கு.

“கோர்ட்டு கேசுன்னு நம்மால அலைய முடியுமாண்ணே? அதுவும் வாடகை வண்டி. வியாபாரத்துக்கு வாங்கினா கன்ஸ்யூமர் கோர்ட்டுல எடுக்க மாட்டாங்கங்கிறாங்க.”

பாதி சரி. இதற்குப் பதில் நம் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கிலேயே இருக்கிறது. அவர்களிடம் இயந்திரம் வாங்கிய லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் தொடுத்த வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம், வியாபார நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று சொன்னது. அதே தீர்ப்பில், ஆட்டோவோ லாரியோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், துணைக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அது மாறாது என்றும் விளக்கியது. டிரைவர் போட்டு பத்து வண்டி விடுகிறவருக்குத்தான் சிக்கல். தானே ஸ்டியரிங் பிடிக்கிற தம்பிக்கு இல்லை.

2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இன்னொரு வசதி. வண்டியைக் கரூரில் வாங்கியிருந்தாலும் மதுரையில் வாங்கியிருந்தாலும் குடியிருக்கிற மாவட்டத்திலேயே, அதாவது திண்டுக்கல்லிலேயே வழக்குப் போடலாம். வண்டிக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய். பத்துக்கு மேல் இருபது வரை 400. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சோதிக்காமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்றால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்க நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அங்கேதான் அந்த சீல் வைத்த பாட்டில் பேசும். அதற்கு முன்படியாக 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஆத்திரத்தில் ‘வண்டியையே மாத்திக் குடு’ என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். 2006இல் மாருதி கார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் வாரண்டியில் சொன்ன பொறுப்பு, முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்றுவிட்டது. இன்ஜெக்டர், லேபர், வண்டி நின்ற நாட்களின் வாடகை இழப்பு, இவற்றைக் கணக்கோடு கேளுங்கள். வாடகை இழப்புக்கு மார்க்கெட் கமிஷன் கடைச் சீட்டுகள் ஆதாரம்.

தம்பி எழுந்துகொண்டே கேட்டார்: “சரிண்ணே, மாத்திக் குடுத்துட்டா?” ஒவ்வோர் இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு பொறித்திருக்கும். புது இன்ஜெக்டர் மாட்டினால் அந்தக் குறியீட்டை ஸ்கேனர் வழியாக வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் புதுச் சாமான் போட்டும் வண்டி ஆடும், ‘டக டக’ என்று அடிக்கும். வண்டியை எடுக்கும்போது நாலு குறியீடும் ஸ்கேனர் திரையில் சரியாக இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள், கழற்றிய பழையதையும் கேட்டுப் பாருங்கள்.