ஊசி போட்ட பின் அந்த ஊசி எங்கே போகிறது?

ஊசி போட்டதும் நோயாளி சட்டைக் கையை இறக்கிவிட்டு எழுந்து போய்விடுவார். ஊசி தாதியின் கையிலேயே இருக்கும். அடுத்த சில விநாடிகளில் அது எந்தப் பெட்டிக்குள் விழுகிறது என்பதில் பலருடைய உடல்நலம் தங்கியிருக்கிறது. அன்று பின்னேரம் விடுதியைக் கூட்டும் சிற்றூழியருக்கோ, மறுநாள் காலையில் குப்பை லொறியில் ஏறி நிற்கும் தொழிலாளிக்கோ, குப்பைமேட்டில் போத்தல் பொறுக்குபவருக்கோ அந்த ஊசி யாருடைய இரத்தத்தைத் தொட்டது என்று தெரியாது.

மாத்தளை மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி சுமார் 4 இலட்சத்து 85 ஆயிரம் மக்கள். மாத்தளை நகரில் மாவட்டப் பொது வைத்தியசாலை, தம்புள்ளையில் ஆதார வைத்தியசாலை, இரத்தோட்டை, கலேவெல போன்ற இடங்களில் பிரதேச வைத்தியசாலைகள். இவற்றோடு தாய் சேய் கிளினிக்குகள், தோட்டத்து டிஸ்பென்சரிகள், பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள தனியார் மருந்தகங்கள், இரத்தப் பரிசோதனைக் கூடங்கள், பல் வைத்தியர்களின் அறைகள். பெரிய வைத்தியசாலைக்கும் சின்ன டிஸ்பென்சரிக்கும் கட்டடத்தில் எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் இரண்டிலும் நாளாந்தம் ஊசியும் பஞ்சும் பண்டேஜும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

வைத்தியசாலைக் கழிவு என்றாலே எல்லாம் விஷம் என்று நினைக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி அதில் ஏறக்குறைய 85 சதவீதம் வீட்டுக் குப்பை போன்றதுதான்: சோற்றுப் பார்சல், கடதாசி, மருந்துப் பெட்டி, பழத்தோல். மிச்சம் 15 சதவீதமே நோய்த்தொற்று, இரசாயனம், கதிரியக்கம் என்று ஏதோ ஒரு வகையில் ஆபத்தானது. வறிய நாடுகளில் ஒரு கட்டிலுக்கு ஒரு நாளைக்கு ஆபத்தான கழிவு சராசரியாக 200 கிராம் என்கிறார்கள். 100 கட்டில் உள்ள வைத்தியசாலைக்கு அது 20 கிலோ. அந்த 20 கிலோவைத் தனியாகப் பிரித்து வைத்தால் 20 கிலோவைத்தான் கவனமாகக் கையாள வேண்டும். மற்றக் குப்பையோடு கலந்துவிட்டால் 130 கிலோவுக்கு மேற்பட்ட மொத்தமும் ஆபத்தான கழிவாகிவிடும். செலவும் ஆறேழு மடங்காகும். பிறகு எவ்வளவு நவீன இயந்திரம் வாங்கி வைத்தாலும், கலந்ததைப் பிரித்துத் தர ஒரு இயந்திரமும் இல்லை.

அதனால்தான் நிறங்கள். இலங்கைச் சுகாதார அமைச்சின் நிற ஒழுங்கில் மஞ்சள் என்றால் தொற்றுக் கழிவு: இரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, அகற்றப்பட்ட உடற்பாகங்கள், ஆய்வுகூட மாதிரிகள். மஞ்சளில் சிவப்புக் கோடு போட்டிருந்தால் கூர்மையானவை: ஊசி, சத்திரசிகிச்சைக் கத்தி. உணவுக் கழிவுக்குப் பச்சை, கண்ணாடிக்குச் சிவப்பு, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், பொதுவான குப்பைக்குக் கறுப்பு. ஏழு நிறத்தையும் மனப்பாடம் செய்யச் சொன்னால் வைத்தியசாலைக்குப் புதிதாக வந்தவர் தடுமாறத்தான் செய்வார். குறைந்தபட்சம் மஞ்சளும் சிவப்புக் கோடும் தவறக்கூடாது. மற்றவை பிழைத்தால் பணம் நட்டம். இந்த இரண்டும் பிழைத்தால் ஆள் நட்டம்.

இதில் கறுப்புப் பையைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். மஞ்சள் பையைத் தூக்குபவர் எச்சரிக்கையாக இருப்பார். கறுப்புப் பையில் ஒன்றும் இல்லை என்று நம்பித் தூக்குவார்கள். பை கனமாக இருந்தால் இடுப்போரம் சாய்த்துக்கொண்டு நடப்பது வழக்கம். ஒவ்வொரு எட்டுக்கும் பை தொடையில் வந்து மோதும். உள்ளே ஒரேயொரு ஊசி தவறிக் கிடந்தால் போதும், பொலித்தீனையும் காற்சட்டையையும் ஒன்றாகத் துளைத்துக்கொண்டு சதையில் ஏறும். பையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதே, கழுத்தைக் கட்டு, கட்டிய கழுத்தைப் பிடித்து உடம்பிலிருந்து தள்ளித் தூக்கு என்ற விதிகள் எல்லாம் இந்தத் தொடைக்காகத்தான்.

தொற்றுள்ள ஒருவருக்குப் போட்ட ஊசி இன்னொருவரைக் குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்ற 30 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. ஹெபடைடிஸ் சி 1.8 சதவீதம், எச்.ஐ.வி. 0.3 சதவீதம். எல்லோரும் எச்.ஐ.வி.க்குத்தான் பயப்படுகிறார்கள், நூறு மடங்கு எளிதாகத் தொற்றுவது ஹெபடைடிஸ் பி. அதற்கு நல்ல தடுப்பூசியும் இருக்கிறது. இலங்கையில் 2003 முதல் குழந்தைகளுக்கு அதைப் போடுகிறார்கள். ஆனால் இன்று விளக்குமாறு பிடிக்கும் பெரும்பாலோர் அதற்கு முன்னரே பிறந்தவர்கள். ஒப்பந்தக் கம்பனி மூலம் துப்புரவு வேலைக்கு வரும் ஒருவருக்குக் கையுறை கொடுப்பதற்கு முன்னால் இந்தத் தடுப்பூசியைப் போட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குத்திவிட்டால் என்ன செய்வது? சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். அழுத்திப் பிழியக்கூடாது, வாயால் உறிஞ்சவே கூடாது. உடனே பொறுப்பதிகாரியிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணித்தியாலங்களுக்குள் தொடங்குவது நல்லது. 72 மணித்தியாலம் கடந்தால் பயனில்லை. நாட்சம்பளம் போய்விடும், ஏச்சு விழும் என்று மறைத்துவிட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்பவர்கள் இருக்கிறார்கள். மலையக நகரங்களில் தலைமுறை தலைமுறையாகத் துப்புரவுப் பணியில் இருப்பவர்களில் எத்தனையோ பேர் நம்முடைய தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். யாரோ ஒருவர் சோம்பலில் தவறான பையில் போட்ட ஊசியின் விலையை அவர்கள் உடம்பால் கட்டுகிறார்கள்.

ஊசியைத் திரும்பவும் மூடியால் மூடுவதும் பழைய பழக்கம். பத்திரமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் மூடப்போய்த்தான் பல தாதியர் தம் விரலிலேயே குத்திக்கொண்டார்கள். போட்ட ஊசியை மூடாமல், வளைக்காமல், சிரிஞ்சோடு அப்படியே குத்துப்படாத பெட்டிக்குள் போடுவதே இன்றைய முறை. பெட்டி முக்கால் நிரம்பியதும் மூடி ஒட்டிவிட வேண்டும்.

பெட்டிக்கு அடுத்த கட்டம் எரிப்பதா, அவிப்பதா என்பது. எரிப்பதற்கு இரண்டு அறைகள் கொண்ட எரியூட்டி வேண்டும். வெப்பம் 850 பாகைக்குக் குறையக்கூடாது. அதைவிடக் குறைந்த சூட்டில், குறிப்பாக பி.வி.சி. பிளாஸ்டிக் சேர்ந்து எரிந்தால், டயொக்சின் என்ற நச்சு வெளியாகும். புற்றுநோயை உண்டாக்கக்கூடிய அது கொழுப்பில் தங்கி, பாலிலும் இறைச்சியிலும் ஏறி வரும். வைத்தியசாலைப் பின்வளவில் பீப்பாய்க்குள் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றி எரிப்பதால் கிருமி அழிந்தாலும், புகை பக்கத்து லயத்துக்குள்தான் போகும். அவிக்கும் முறையில் புகை இல்லை. 121 பாகை நீராவியில், அழுத்தத்தோடு, போதிய நேரம் வைத்தால் கிருமிகள் செத்துவிடும். அவிப்பதோடு அரைத்தும் தள்ளும் மெட்டமைசர் இயந்திரங்கள் இலங்கையின் சில அரசாங்க வைத்தியசாலைகளுக்கு வந்திருக்கின்றன. உடற்பாகங்களையும் காலாவதியான மருந்தையும் அவிக்க முடியாது. அவற்றுக்கு வேறு வழி வேண்டும்.

ஒவ்வொரு சின்ன வைத்தியசாலைக்கும் ஒரு எரியூட்டி கட்டிக் கொடுப்பது கண்ணுக்கு நல்ல திட்டமாகத் தெரியும். திறப்பு விழாவும் நடக்கும். டீசலுக்குக் காசில்லாமலும், பழுது பார்க்க ஆளில்லாமலும் அது துருப்பிடிக்கும். பல இடங்களின் கழிவை மூடிய வாகனத்தில் சேர்த்து ஒரே இடத்தில் ஒழுங்காகச் சுத்திகரிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் விதிகள், 75 கிலோமீற்றருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் வைத்தியசாலை தனக்கென்று ஒன்றைக் கட்டக்கூடாது என்கின்றன. மாத்தளையிலிருந்து தம்புள்ளை ஏறக்குறைய 45 கிலோமீற்றர்தான். லக்கல, வில்கமுவ பக்கத்து மலைப்பாதைதான் சிரமம். அங்கே குளிரூட்டிய சேமிப்பறையும் நேரம் தவறாத வாகனமும் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் நம்முடைய வெக்கையில் தொற்றுக் கழிவை ஓரிரு நாளுக்கு மேல் சும்மா வைத்திருக்க முடியாது.

உணவுக் கழிவுக்கு உயிர்வாயுக் கலன் நல்ல வழி. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் அப்படியொரு கலனுக்காக நிலத்தைத் தோண்டியபோதுதான் 150க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அந்தப் பெரும் துயரத்தின் கதை இந்தக் கட்டுரைக்குள் அடங்காது. ஆனாலும் மண்ணுக்குள் புதைத்தால் எல்லாம் மறைந்துவிடும் என்று இந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது.

தண்ணீரையும் நினைத்துப் பாருங்கள். பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து சுது கங்கையில் கலக்கிறது. 1976 முதல் இப்படித்தான். சுது கங்கை போவத்தென்ன நீர்த்தேக்கத்தை நிரப்ப, அங்கிருந்து ஒரு பங்கு இன்னொரு சுரங்கத்தால் கலாவெவப் பக்கம் போகிறது. மற்றது அம்பன் கங்கையில் மொரகஹகந்தைக்கு இறங்குகிறது. மாத்தளையில் ஆற்றோரம் கொட்டப்படும் ஒரு மூட்டை, வடமத்திய மாகாணத்து விவசாயியின் வயலுக்குப் போகும் தண்ணீரில் கொட்டப்பட்ட மூட்டைதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 பெப்ரவரி 1இல் வெளியான 1534/18 இலக்க அதிவிசேட வர்த்தமானி, வைத்தியசாலைக் கழிவை அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவில் சேர்த்திருக்கிறது. அதை உண்டாக்க, சேர்க்க, ஏற்றிச்செல்ல, அழிக்க மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் வேண்டும். தனியார் இடங்களுக்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பதிவுச் சட்டம் உண்டு. அரசாங்க வைத்தியசாலைகளில் குறை இருந்தாலும் கேட்க ஆளிருக்கிறது. கடைத்தெருவில் ஒற்றை அறையில் நடக்கும் மருந்தகத்தின் குப்பை வாளியை யார் திறந்து பார்க்கிறார்கள்?

கண்காணிப்பு தளர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உள்ளூர் உதாரணம் தேடத் தேவையில்லை. பழைய மெத்தை, கம்பளம் என்று எழுதி 2017க்கும் 2019க்கும் இடையில் பிரித்தானியாவிலிருந்து கொழும்புக்கு வந்த 263 கொள்கலன்களுக்குள் வைத்தியசாலைக் கழிவும் கிடந்தது. வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. கடைசிக் கொள்கலன்கள் திரும்பிப் போனபோது 2022 பெப்ரவரி. தமிழ்நாட்டில் 2024 டிசம்பரில் திருநெல்வேலி கொடகநல்லூர், பழவூர் கிராமங்களில் கேரள மருத்துவக் கழிவு மூட்டை மூட்டையாகக் கொட்டப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகே கேரள அரசு லொறிகளை அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. இரண்டு இடத்திலும் கழிவைக் கண்டுபிடித்து வாய் திறந்தவர்கள் இருந்தார்கள் என்பதால்தான் அது திரும்பிப் போயிற்று.

இனி நம் வீடு. நீரிழிவுக்காரர் வீட்டில் இன்சுலின் ஊசி நாளுக்கு ஒன்றோ இரண்டோ சேரும். அது பெரும்பாலும் சமையலறைக் குப்பைக்குள் போகிறது. அல்லது முற்றத்தில் எரிகிறது. முற்றத்து நெருப்பில் ஊசிமுனை அழியாது, சாம்பலில் வெறுங்காலுக்காகக் காத்திருக்கும். தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றில், வெளிற்றும் கரைசலோ ஷாம்போவோ வந்த போத்தலில், ஊசிகளைப் போட்டு வாருங்கள். "கூரான ஊசி" என்று எழுதி ஒட்டுங்கள். முக்கால் நிரம்பியதும் மூடியை இறுக்கி, அடுத்த முறை கிளினிக் போகும்போது எடுத்துப் போய் எங்கே போடலாம் என்று தாதியிடம் கேளுங்கள். வாங்கமாட்டோம் என்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். காலாவதியான மாத்திரையைக் கழிப்பறைக்குள் கொட்டாதீர்கள். ஆற்றோரத்திலோ தோட்டத்துக் கானிலோ சிரிஞ்சும் சேலைன் போத்தலும் கிடக்கக் கண்டால் கையால் தொடாமல், பிள்ளைகளை விலக்கிவிட்டு, படமெடுத்துச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கோ மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கோ அன்றைக்கே அறிவியுங்கள்.