தேசக் கோஷ்டியும் தேசத்தாரின் கேள்வியும்

பெசன்ட் நகர்க் கடற்கரையில் மாலைதோறும் உலாவ வரும் அன்பர்களிடையே விவாதத்திற்கு என்றும் பஞ்சமில்லை. 2025 நவம்பருக்குப் பிறகு, ஷ்மிட் ஞாபகச் சின்னத்தைச் சுற்றி எழும் வாதப் பிரதிவாதங்களில் பெரும்பகுதியைக் கிரிக்கெட்டே கவர்ந்துகொண்டது. ஒரு கட்சியார், தலைமைப் பயிற்சியாளர் ஸ்ரீ கௌதம் கம்பீர் உடனே ராஜிநாமா செய்திருக்கவேண்டும் என்கின்றனர். மற்றொரு கட்சியார், தேசத்தின் பெயரால் ஆடும் கோஷ்டியைத் தூற்றுவது தேசாபிமானம் ஆகாது என்கின்றனர். இரு கட்சியாரும் விஷயத்தின் மூலத்தைத் தொடவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

நடந்தது என்ன என்பதை முதலில் நேயர்களுக்கு நினைவூட்டுகிறோம். 2013 பிப்ரவரி முதல் 2024 செப்டம்பர் வரை, ஏறக்குறைய பன்னிரண்டு வருஷ காலத்தில், இந்தியா தன் சொந்த மண்ணில் தோற்ற டெஸ்ட் ஆட்டங்கள் 4 தாம். அதற்கடுத்த பதின்மூன்று மாதங்களிலோ 5 தோல்விகள். நியூஸிலாந்துக் கோஷ்டியார் பெங்களூரில் நம்மை 46 ரன்களுக்குச் சுருட்டிவிட்டு, பூனாவிலும் மும்பையிலும் வென்று, 3 ஆட்டங்களையும் அள்ளிச் சென்றனர். ஒரு வருஷம் கழித்துத் தென்னாப்பிரிக்கர் வந்தனர். கொல்கத்தாவில் வெற்றிக்கு 124 ரன்களே தேவையாயிருந்தும், கழுத்து வலியால் காப்டன் சுப்மன் கில் ஆட இயலாத நிலையில், நம்மவர் 93 ரன்களுக்கு வீழ்ந்தனர். குவாஹாட்டியில் நேர்ந்ததோ 408 ரன் தோல்வி. ரன் கணக்கில் அவ்வளவு பெரிய தோல்வியை இந்திய டெஸ்ட் சரித்திரம் அதற்குமுன் கண்டதில்லை.

இது தற்செயல் என்று தள்ளிவிடக் கூடியதன்று. கொல்கத்தாத் தோல்விக்குப் பின், அத்தகைய ஆடுகளத்தையே தாங்கள் கேட்டிருந்ததாக ஸ்ரீ கம்பீர் பகிரங்கமாகக் கூறினார். அவருடைய வெளிப்படையை மெச்சுகிறோம். யோசனையை மெச்ச முடியவில்லை. முதல் நாளிலிருந்தே பந்து கண்டபடி திரும்பும் களத்தில் நம் சுழற்பந்து வீச்சாளரின் வித்தைக்கு என்ன வேலை? காற்றில் பந்தை மிதக்கவிட்டு ஏமாற்றவும், வேகத்தை மாற்றி மயக்கவும், பல ஓவர்கள் வலை பின்னிக் காத்திருக்கவும் தெரிந்தவனுக்குத்தான் நல்ல களத்தில் பெருமை. களமே எல்லாவற்றையும் செய்துவிட்டால், ஓரிடத்தில் ஒழுங்காகப் பந்தை இறக்கத் தெரிந்த எவரும் அவனுக்குச் சமானமாகிவிடுவார். பூனாவில் ஸான்ட்னர் 13 விக்கெட்டுகளும், மும்பையில் அஜாஸ் படேல் 11 விக்கெட்டுகளும், கொல்கத்தாவில் ஸைமன் ஹார்மர் 8 விக்கெட்டுகளும் எடுத்தனர். அவர்கள் திறமைசாலிகளே, ஆனால் நாமே வலியச் சென்று அவர்கள் கையில் ஆயுதத்தைக் கொடுத்தோம். அன்றியும், உள்நாட்டுப் பந்தயங்களில் நம் முன்னணி ஆட்டக்காரர்கள் கலந்துகொள்வது அருகிவிட்டபடியால், சுழற்பந்தை எதிர்த்து நின்று ஆடும் பழைய பழக்கமும் அவர்களிடம் தளர்ந்திருக்கிறது. இதை அறிந்தும் அறியாதவர்போல் களம் அமைத்தது யார் குற்றம்?

சேப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பந்து எழும்பிச் செல்லும் செம்மண் களம். வங்காளதேசத்திற்கு எதிராக 144 ரன்களுக்கு 6 விக்கெட் போய்த் தத்தளித்த நிலையில், மேற்கு மாம்பலத்து அஸ்வின் 113 ரன் அடித்தார். ஜடேஜா 86 எடுத்து உடன் நின்றார். பின்னர் அஸ்வினே 6 விக்கெட்டும் வீழ்த்தி, 280 ரன் வித்தியாசத்தில் ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். வேகத்திற்கும் சுழலுக்கும் மட்டைக்கும் இடமிருந்த களம் அது. அங்கே நாம் வென்றோம்.

அந்த அஸ்வின் மூன்று மாதங்களில் விடைபெற்றதைக் கடற்கரை அன்பர்கள் இன்னும் மறந்தாரில்லை. ஆஸ்திரேலியாவில் முதல் ஆட்டத்தில் வாஷிங்டன் சுந்தர், இரண்டாவதில் அஸ்வின், மூன்றாவதில் ஜடேஜா என்று ஆட்டத்திற்கு ஒருவராக மாற்றினார்கள். 537 விக்கெட்டுகள் எடுத்த மனிதர், 2024 டிசம்பர் 18-ந் தேதி பிரிஸ்பேனில், தொடரின் நடுவிலேயே ஓய்வை அறிவித்துவிட்டு ஊர் திரும்பினார். தென்னாட்டானை ஓரங்கட்டினார்கள் என்று சிலர் கூறுவதை நாம் ஏற்கவில்லை. அவரை முந்திக்கொண்டு பெர்த்தில் இடம் பெற்றவரும் சென்னைப் பிள்ளைதானே! மாகாண அபிமானத்தால் கண் மறைக்கப்பட்டால் உண்மையான குறை தெரியாமற் போகும். ஒருவரிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதை ஸ்திரமாக வைத்துக்கொள்வதில்லை என்பதே அந்தக் குறை.

வாஷிங்டன் சுந்தருக்கு நேர்ந்ததைக் கவனிப்போம். பூனாவில் 11 விக்கெட் எடுத்தவர். மான்செஸ்டரில் ஆட்டமிழக்காமல் சதமடித்துத் தோல்வியைத் தடுத்தவர். கொல்கத்தாவில் நான்கு சுழற்பந்து வீச்சாளர்களுள் ஒருவராகச் சேர்க்கப்பட்டு, மூன்றாவதாக மட்டை பிடிக்க அனுப்பப்பட்டார். இன்னொரு சென்னை இளைஞரான சாய் சுதர்சன் வெளியே உட்கார்ந்தார். அந்தப் பொல்லாத களத்தில் வாஷிங்டன் 29-ம் 31-ம் எடுத்தார். அடுத்த வாரம் குவாஹாட்டியில் சுதர்சன் மூன்றாவதாக வந்தார். வாஷிங்டன் எட்டாவதாகத் தள்ளப்பட்டார். அங்கும் 48 ரன் எடுத்தார் என்பது வேறு விஷயம். 2005-ல் கிரேக் சாப்பல் பயிற்சியாளராக இருந்தபோது, பந்துவீச்சாளரான இர்பான் பதானை நாகபுரியில் மூன்றாவதாக அனுப்பியதும் அவர் 83 ரன் அடித்ததும் பலருக்கு நினைவிருக்கும். பதானின் பந்துவீச்சைச் சாப்பல் கெடுத்துவிட்டார் என்று ரசிகர்கள் நெடுங்காலம் சாதித்தனர். பதானோ அதைத் தாமே மறுத்துவிட்டார். குறை கூறுவோரும் சாட்சியத்தை விசாரித்தே தீர்ப்புக் கூறவேண்டும்.

நிற்க. விமர்சகர்களிடம் பயிற்சியாளர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. ஹர்ஷித் ராணா என்ற இளம் வேகப்பந்து வீச்சாளரை அடிக்கடி சேர்ப்பதைச் சென்னைவாசியான ஸ்ரீ கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் தமது யூடியூப் ஒளிபரப்பில் கண்டித்தார். 2025 அக்டோபரில் மேற்கிந்தியத் தீவினரை வென்ற கையோடு, டில்லியில் ஸ்ரீ கம்பீர் இதற்கு ஜவாப் அளித்தார். யூடியூப்பை நடத்துவதற்காக 23 வயதுப் பிள்ளையைத் தாக்குவது வெட்கக்கேடு என்றும், தாக்குவதானால் தம்மைத் தாக்கலாம் என்றும் சீறினார். பிள்ளையைக் காப்பாற்ற முன்வந்தது சரியே. ஒரு பையனைப் பயிற்சியாளருக்குத் தலையாட்டுபவன் என்று பரிகசிப்பது ஸ்ரீகாந்த் போன்ற அனுபவஸ்தருக்கு அழகல்ல. ஆனால் கேள்வி கேட்பவனுடைய நோக்கத்தைப் பழிப்பது கேள்விக்குப் பதிலாகுமா? ஸ்ரீகாந்த் 1983-ல் உலகக் கோப்பை வென்ற கோஷ்டியில் இருந்தவர். 2011 உலகக் கோப்பைக்கு வீரர்களைப் பொறுக்கிய கமிட்டியின் தலைவர். அவ்வருஷத்து இறுதியாட்டத்தில் 97 ரன் குவித்த கம்பீரையும் அந்தக் கமிட்டியே தேர்ந்தெடுத்தது. அப்படிப்பட்டவருக்கும் பேச உரிமையில்லை என்றால், கடற்கரையில் சுண்டல் கொறித்துக்கொண்டு பேசுபவனின் கதி என்ன? ஸ்ரீ கம்பீர் 2019 முதல் 2024 வரை கிழக்கு டில்லியின் லோக்சபை அங்கத்தினராக இருந்தவர். கேள்வி நேரம் என்பது எதற்கு என்று அவருக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. இந்த நகருக்குப் பெயர் தந்த அம்மையாரை, சர்க்காரைக் கண்டித்துப் பேசியும் எழுதியும் வந்ததற்காகத்தான் 1917-ல் சென்னை சர்க்கார் உதகையில் காவலில் வைத்தது. கண்டனம் செய்பவர்மீது சினப்பது அதிகாரத்தின் பழைய வியாதி.

அதேபோல் ஜனங்களின் பக்கத்திலும் ஒரு வியாதி உண்டு. குவாஹாட்டியில் தோற்ற அன்று பயிற்சியாளரின் பெயரைச் சொல்லிக் கூட்டத்தில் சிலர் ஒழிக கோஷமிட்டனர். 2007 உலகக் கோப்பைத் தோல்வியின்போது கொடும்பாவிகளை எரித்தனர். ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டைத் தாக்கினர். 1999 ஜனவரி 31-ந் தேதி சேப்பாக்கத்தில், டெண்டுல்கர் 136 ரன் எடுத்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். அன்று சென்னை ஜனங்கள் எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் கோஷ்டியார் மைதானத்தைச் சுற்றி வலம் வந்தனர். அந்தக் கூட்டத்திற்கு ஆட்டம் தெரியும். ஆட்டம் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விக்குத்தான் கூர்மையும் அதிகம்.

அக்கேள்வியை யாரிடம் கேட்பது? குவாஹாட்டித் தோல்விக்குப் பின், தம் எதிர்காலத்தைப் போர்டார் தீர்மானிக்கட்டும் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். 2025-ல் சாம்பியன்ஸ் கோப்பையை வென்றதும், இங்கிலாந்தில் 2-2 என்று சமன் செய்ததும் தம்முடைய காலத்தில்தான் என்று அவர் ஞாபகப்படுத்தியது நியாயமே. ஆனால் போர்டார் தேசத்தாருக்கு என்ன சொன்னார்கள்? இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான ஒரு சங்கம் என்பது நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. பேட்டை வாசகசாலைச் சங்கத்துக்கு உள்ள சட்டமே அதற்கும். அது பொதுக் காரியத்தை நடத்தும் ஸ்தாபனம், ஹைகோர்ட்டுகளின் ரிட் அதிகாரத்திற்கு உட்பட்டது என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆயினும் 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தில், சர்க்கார் உதவி பெறும் ஸ்தாபனங்களுக்கே தகவல் உரிமைச் சட்டம் பொருந்தும் என்று திருத்திவிட்டார்கள். கோடி கோடியாகத் தானே சம்பாதிக்கும் போர்டுக்கு இதைவிட வசதியான ஷரத்து வேறென்ன வேண்டும்? தேசத்தின் பெயர் வேண்டும்; தேசத்தாரின் கேள்வி மட்டும் வேண்டாம்!

இங்கிலாந்தில் ரக்பி ஆட்டக்காரர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். அங்குள்ள ரக்பி சங்கத்தின் பெருநஷ்டத்தையும் தலைமை நிர்வாகி பெற்ற ஊதியத்தையும் கண்டு கொதித்த அங்கத்தினர் கிளப்புகள், 2025 மார்ச்சில் விசேஷப் பொதுக்கூட்டத்தைக் கூட்டுவித்து நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தன. தீர்மானம் தோற்றது. எனினும் நிர்வாகஸ்தர்கள் எதிரே உட்கார்ந்து பதில் சொல்லவேண்டியதாயிற்று.

இங்கே அங்கத்தினர்கள் மாகாண சங்கங்கள். சேப்பாக்கத்தில் கட்டடமும் போர்டில் வோட்டும் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் அவற்றுள் ஒன்று. கொல்கத்தாக் களத்தை அப்படி அமைக்கத் தீர்மானித்தவர் யார், அதைப் போர்டில் எவர் ஒப்புக்கொண்டார், உள்நாட்டுப் பந்தயங்களில் முன்னணி ஆட்டக்காரர்கள் ஆடவேண்டிய ஆட்டங்கள் எத்தனை ஆகியவற்றைப் போர்டின் பொதுக்கூட்டத்தில் எழுப்பி, கிடைக்கும் பதிலைப் பத்திரிகைகளுக்கு வெளியிடுமாறு அச்சங்கத்தின் நிர்வாகஸ்தர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.