உங்களுக்குத் தெரியுமா? பெயருக்கும் விலை உண்டு

மகாவலியின் கிளையாறு கடலைத் தொடும் வெருகலில் ஒருவர் தமிழ் எழுத்திலேயே இணைய முகவரி தேடலாம். '.இலங்கை' என்ற விகுதி 2010இல் உலக இணையத்தில் சேர்ந்தது, '.எல்கே'யைக் கவனிக்கும் அதே பதிவகத்தின் பொறுப்பில்தான் இதுவும்.

இணைய முகவரிக்கு யாரும் எடுக்காத பெயர் என்றால் பதிவுக் கட்டணம் கட்டினால் போதும். இன்னொருவர் பிடித்துவைத்த பெயர் என்றால் பேரம்தான். அவர் கேட்கும் தொகையை விடுங்கள், வாய்க்கு வந்ததைச் சொல்லலாம்! அதே நீளமும் விகுதியும் கொண்ட பெயர்கள் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்று பாருங்கள். 2019இல் 'வொய்ஸ்.கொம்' 3 கோடி டொலருக்குப் போனது. ஆனால் அது அபூர்வம். பெயரின் பழைய வரலாற்றையும் துழாவுங்கள்: முன்பு மோசடித் தளமாக ஓடிய பெயருக்குத் தேடுபொறிகளில் மதிப்புக் குறைந்திருக்கலாம்.