வெள்ளைக் கோடு எங்கே?

இரண்டு வாரங்களுக்கு முன் வானொலியில் ஒரு தவறு செய்தேன். நேயர் ஒருவர் சிங்கப்பூரில் எடுத்து அனுப்பிய பறவைப் படத்தைப் பார்த்து, “இது கழுத்துப்பட்டை பிராட்டின்கோல், ஐரோப்பாவிலும் உண்டு” என்று அடித்துச் சொன்னேன். உடனே அழைப்பு. குவீன்ஸ்டவுன் பெரியவர்.

“தம்பி, சிறகு ஓரத்தைப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. சனிக்கிழமை அவர் புளோக்கின் கீழ்த்தளக் காப்பிக்கடையில் பாடம் கேட்டேன்.

அது கீழை பிராட்டின்கோல். இரண்டுக்கும் பாலாடை நிறத் தொண்டை, சுற்றிலும் கறுப்புக் கோடு, சிறகின் அடியில் செம்பழுப்பு. ஆனால், கழுத்துப்பட்டைக்குச் சிறகின் பின்னோரத்தில் வெள்ளைக் கோடு ஓடும். வால் நீண்டு ஆழமாகப் பிளந்திருக்கும். கீழைக்குக் கோடில்லை, வாலும் குட்டை. பறந்தபடியே பூச்சி பிடிப்பதால் 1766இல் லின்னேயஸே கழுத்துப்பட்டையைத் தகைவிலான் குருவிகளோடு சேர்த்துவிட்டார். உண்மையில் இவை கரையோரப் பறவைகளின் உறவு. அவரே ஏமாந்தார் என்பதில் எனக்குச் சின்ன ஆறுதல்.

கீழை பிராட்டின்கோல் குளிர்காலத்துக்கு ஆஸ்திரேலியாவரை போகிறது. 2004 பிப்ரவரியில் அங்குள்ள எய்ட்டி மைல் கடற்கரையில் சுமார் 28 லட்சத்து 80 ஆயிரம் பறவைகள் கணக்கிடப்பட்டன. வழியில் சில நம் ஊரின் திறந்த புல்வெளிகளிலும் கடலை நிரப்பிய நிலங்களிலும் இறங்கும். பெரியவர் பழைய படமொன்றைக் காட்டினார்.

“இந்த இடத்துல இப்போ கட்டுமான வேலி.”

திங்களன்று திருத்தம் சொன்னேன். மீண்டும் அழைத்தார். என் உச்சரிப்பும் சரியில்லையாம்.