உங்களுக்குத் தெரியுமா? – லேசரைத் தடம் மாறாமல் நிறுத்துவது எப்படி?

● வீட்டு ஃபைபர் இணைப்பில் போக்கும் வரவும் ஒரே கண்ணாடி இழையில்தான். ஜிபான் எனப்படும் ஃபைபர் முறையில் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர். வீட்டு மோடம் அனுப்புவது 1310. இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கழற்றிய இழையின் முனையை உற்றுப் பார்க்கவே கூடாது.

● லேசரின் அலைநீளம் சூட்டுக்கு நகரும். தொலைத்தொடர்பில் பரவலாகப் பயன்படும் டிஎஃப்பி லேசர் 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால், அலைநீளம் ஏறத்தாழ 0.1 நானோமீட்டர் கூடும். அதிர்வெண் சுமார் 12 கிகாஹெர்ட்ஸ் குறையும்.

● ஜிபானுக்கு இது தொல்லையில்லை. எக்ஸ்சேஞ்ச் லேசர் 1480 முதல் 1500 நானோமீட்டர் வரை எங்கு நின்றாலும் சரி. குளிரூட்டி வேண்டாம், மலிவான லேசரே போதும். ஃபைபர் இணைப்பு சாதாரணக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியானதற்கு இந்தத் தாராளமும் ஒரு காரணம்.

● என்ஜி-பான்2 என்ற அடுத்த தலைமுறை ஃபைபர் முறையில் அந்தத் தாராளம் கிடையாது. ஒரே இழையில் நான்கு அலைநீளங்கள். ஒவ்வொன்றிலும் நொடிக்கு 10 கிகாபிட். எக்ஸ்சேஞ்சிலிருந்து வருபவற்றுக்கு நடுவே 100 கிகாஹெர்ட்ஸ், அதாவது சுமார் 0.85 நானோமீட்டர்தான் இடைவெளி. எட்டொன்பது டிகிரி சூடு கூடினால் லேசர் பக்கத்துத் தடத்துக்கே போய்விடும்.

● இதைத் தடுப்பது 1834-இல் பிரான்சின் ழான் பெல்டியே கண்டறிந்த விளைவு. இருவேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால், அது பாயும் திசையைப் பொறுத்து அந்த இடம் குளிரும் அல்லது சூடாகும். லேசருக்கு அடியில் இருக்கும் சின்னஞ்சிறு பெல்டியே தகடு இரண்டு வேலையும் செய்யும்.

● வீட்டு மோடத்தின் லேசர் எப்போதும் எரிவதில்லை. பல வீடுகள் ஒரே இழையைப் பகிர்வதால், தன் முறை வரும்போது மட்டும் சில மைக்ரோநொடிகள் எரிந்து அணையும். அந்தச் சொற்ப நேரச் சூடே அலைநீளத்தை நகர்த்திவிடும். இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழிகளில் ஒன்று அழகானது: லேசர் அணைந்ததும் அருகிலுள்ள குட்டி ஹீட்டரை எரிய விடுவார்கள். மொத்தச் சூடு மாறாது, அலைநீளமும் அசையாது.

● என்ஜி-பான்2-இல் வீட்டு லேசர் விலகினால் அதைத் திருத்தச் சொல்லி எக்ஸ்சேஞ்ச் கருவியே கட்டளை அனுப்ப முடியும். அலைநீளத்தை அளக்கும் விலையுயர்ந்த கருவி வீட்டுக்கு வீடு தேவையில்லை. அந்தச் செலவை எல்லோருக்கும் பொதுவான எக்ஸ்சேஞ்சில் வைத்ததுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய கெட்டிக்காரத்தனம்.

● உலகெங்கும் நெருக்கமான லேசர் தடங்களை ஒரே எண்ணிலிருந்து கணக்கிடுகிறார்கள்: 193.1 டெராஹெர்ட்ஸ். நொடிக்கு 193.1 லட்சம் கோடி அதிர்வுகள்!

● லேசர் சரியாக நிற்கிறதா என்பதற்கு இயற்கையே ஓர் உரைகல் தந்திருக்கிறது. வெல்டிங் பட்டறையில் எரிகிறதே, அதே அசிட்டிலின் வாயு! 1530 நானோமீட்டரை ஒட்டிய சில குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் அது விழுங்கும். அளவியல் ஆய்வகங்கள் லேசரை அவற்றில் ஓர் அதிர்வெண்ணில் பூட்டி, மற்ற கருவிகளை அதை வைத்துச் சரிபார்க்கின்றன.