கோர் மாற்றினால் போதும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலையேறினால் அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் போனக்காடு. வெள்ளைக்காரர் காலத்தில் போட்ட தேயிலைத் தோட்டம். லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள். அங்குள்ள தேயிலைத் தொழிற்சாலை நின்றுபோய் பல ஆண்டுகள் ஆகின்றன, எந்திரங்கள் துருவேறிக் கிடக்கின்றன. அதை மூட வைத்தது நிர்வாகம் கைவிட்டதும் தொழிலாளிக்குக் கூலி கொடுபடாததும்தான். எந்திரத்தின் மேல் பழி போட முடியாது. என்றாலும், இப்படியொரு மலைத் தொழிற்சாலையைத் திரும்ப ஓட்ட நினைப்பவரும் சரி, ஓடுகிற ஒன்றை நிற்காமல் வைத்திருக்கப் பாடுபடுபவரும் சரி, ஒரு கட்டத்தில் ஜெனரேட்டர் ரேடியேட்டரின் முன்னால் வந்து நிற்கத்தான் வேண்டும். புதிதாக வாங்குவதா, பழைய இரும்புக் கடையில் தேடுவதா, உள்ளதையே சரிசெய்வதா? பழைய செம்பு–பித்தளை ரேடியேட்டர் உள்ள டீசல் என்ஜின்களுக்கு, பெரும்பாலான நேரங்களில், கோர் என்ற உள்ளடுக்கை மட்டும் மாற்றுவதுதான் உண்மையில் மலிவு என்பது என் வாதம்.

தேயிலையில் இது ஏன் அவசரமாகிறது என்றால், கொழுந்து காத்திருக்காது. ஒரு கிலோ தூள் எடுக்க ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். பறித்த கொழுந்தை அரை நாளுக்கும் மேலாகக் காற்றில் வாட்டி, ரோலரிலோ சி.டி.சி. எந்திரத்திலோ அரைத்த பிறகு, நொதிக்க விடும் நேரம் மிகக் குறைவு. அந்த நேரம் தாண்டும் முன் டிரையருக்குள் போயாக வேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் ஜெனரேட்டர்தான் கதி. அது சூடேறி நின்றுவிட்டால் எந்திரத்துக்குள் இருக்கும் இலை அத்தனையும் கெட்டு, அன்றைய கொழுந்துக் காசு போய்விடும். ஆகவே ரேடியேட்டரின் விலையைக் கடைக்காரர் சொல்லும் தொகையை மட்டும் வைத்துக் கணக்குப் போடக்கூடாது.

டீசலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது. இன்னொரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். நூறு கிலோவாட் தருகிற ஒரு ஜெனரேட்டரில் அறுபது, எழுபது கிலோவாட் வெப்பம் ரேடியேட்டருக்கு வரலாம். மேல் டேங்கிலிருந்து சூடான தண்ணீர் மெல்லிய டியூப்கள் வழியாக இறங்கும்போது, டியூப்களைக் கவ்வியிருக்கும் தகட்டு ஃபின்களின் நடுவே மின்விசிறி காற்றை ஓட்டி வெப்பத்தைப் பறிக்கிறது. டியூபும் ஃபின்னும் சேர்ந்த அந்த அடுக்குதான் கோர். வெப்பத்தைப் பறிக்கும் வேலை ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் நடக்கிறது. மேல், கீழ் டேங்குகளும் பக்கச் சட்டமும் என்ஜினோடு பொருந்துவதற்காக இருப்பவை. அவை அவ்வளவு சீக்கிரம் கெடுவதுமில்லை. கெடுகிற பாகம் ஒன்று, கெடாத பாகம் இன்னொன்று என்றிருக்கும்போது இரண்டையும் சேர்த்துத் தூக்கிப்போடுவது வீண் செலவு.

செம்பு–பித்தளை ரேடியேட்டர் ஈயப்பற்றில் கூடியது. பட்டறைக்காரர் தீ காட்டி டேங்குகளைக் கழற்றி, புது கோரை வைத்துப் பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். ஹோஸ் வாய், போல்ட் துளை, மின்விசிறிக் கூண்டு எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கும். பொருத்துவதற்கு வெல்டிங் வேலையே வராது. கழற்றிய பழைய செம்புக்கு எடை போட்டுக் காசும் கழிக்கலாம். இந்த வேலையில் ஈயப் புகை எழும் என்பதால் காற்றோட்டமும் முகமூடியும் உள்ள பட்டறைக்குக் கொடுப்பதே நியாயம். நம் செலவு குறைய இன்னொருவர் உடம்பு கெடக்கூடாது.

இதற்கு முதல் மறுப்பு அலுமினியம். செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, விலையும் குறைவு, வாகனங்களெல்லாம் அதற்குத்தானே மாறிவிட்டன என்பார்கள். உண்மைதான். வெப்பத்தைக் கடத்துவதில் செம்பைவிடப் பின்தங்கியிருந்தாலும், அகலமான டியூபும் நெருக்கமான ஃபின்னும் அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகின்றன. ஆனால் அலுமினிய கோர் உலையில் வைத்து இணைத்தது. டியூப் பிளந்தால் சாதாரணப் பட்டறையில் சீர்செய்வது கடினம். முழுசாக மாற்ற வேண்டியதுதான். சரியான கூலண்ட் இல்லாமல் வெறுந்தண்ணீரிலேயே ஓட்டினால் அரிப்பும் சீக்கிரம் வரும். பட்டறையை விட்டு வெகு தொலைவிலிருக்கும் மலைத்தோட்டத்துக்கு, பழுதுபார்க்க முடிவது பெரிய குணம். இந்த வாதம் செல்லாத இடமும் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புதிய ஜெனரேட்டர் விதிகள் 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் அவற்றின்படி செய்யப்பட்ட என்ஜின்கள் பலவற்றில் மின்னணுக் கட்டுப்பாடும் மிகத் துல்லியமான வெப்ப அளவுகளும் இருக்கின்றன. அவற்றுக்கு என்ஜின் கம்பெனி சொல்லும் ரேடியேட்டரையே போட வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: கோர் மாற்றினால் பழைய திறன் திரும்ப வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? வராமல் போவதும் நடக்கிறது. நீள அகலம் பொருந்தினால் சரி என்று நினைத்து, நாலு வரிசை டியூப் இருந்த இடத்தில் மூன்று வரிசை கோரை வைத்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஜெனரேட்டர் முழுச் சுமை இழுக்கும் நாளில்தான் தெரியும். அதனால் உயரம், அகலம், கனம், டியூப் வரிசை, ஒரு அங்குலத்துக்கு எத்தனை ஃபின் என்பவற்றைப் பழைய கோரிலேயே அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும். மூடியின் அழுத்தத்தையும் சேர்த்து எழுதுங்கள், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். மூடி காற்றழுத்தத்துக்கு மேல் அரை மடங்கு அழுத்தம் தாங்கினால் தண்ணீர் ஏறக்குறைய 111 டிகிரியில்தான் கொதிக்கும், ஒரு மடங்கு தாங்கினால் 120 டிகிரியில். மலை உயர உயரக் கொதிநிலை குறையும், ஏறக்குறைய முந்நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம். தளர்ந்த மூடியோடு மலையில் ஓடுகிற என்ஜின், கோர் நன்றாயிருந்தும் கொதிக்கும். மூடிக்கு ஆகும் சின்னச் செலவோடு முடிய வேண்டியது, ரேடியேட்டரையே மாற்றும் பெரிய செலவில் போய் முடிகிறது.

கோர் ஏன் கெட்டது என்று பார்க்காமல் புதிதாகப் போட்டால் அதுவும் கெடும். சமவெளி ஆழ்குழாய்த் தண்ணீர் கடினம். கால்சியப் படிவு டியூபுக்குள் தோல்போல் ஒட்டும். செம்பு கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கைத்தான் அந்தப் படிவு கடத்தும், காகிதக் கனமே போதும் என்ஜினைச் சூடேற்ற. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைத் தண்ணீர் மென்மையானது, படிவு அவ்வளவாக வராது, ஆனால் உலோகத்தை மெல்ல அரிக்கும். இரண்டு இடத்துக்கும் மருந்து ஒன்றே: உப்பு நீக்கிய தண்ணீரில் சரியான அளவு கூலண்ட். ஒழுக்கை நிறுத்த ரேடியேட்டருக்குள் மஞ்சள்தூளைக் கொட்டும் பழக்கம் டிரைவர்களிடமும் உண்டு, என்ஜின் அறைகளிலும் உண்டு. அன்றைய ஒழுக்கு நிற்கும், மறுவாரம் டியூப்கள் அடைபடும். ஊருக்குத் திரும்பும்வரை தாங்க அது போதும். தொழிற்சாலையை ஓட்டப் போதாது.

பழைய இரும்புக் கடைகளில் அதே மாடல் ரேடியேட்டர் முழுசாகக் கிடைத்தால் வாங்கலாமா? டேங்குக்காக வாங்கலாம், அதன் கோரை நம்பி வாங்கக்கூடாது. நின்றுபோன தொழிற்சாலைகளிலிருந்து கழற்றி எடுத்தால் என்ன என்ற யோசனையும் வரும். போனக்காடு போன்ற இடங்களில் அதை ஏற்க முடியாது. கூலிப் பாக்கி தீராத தோட்டத்தில் ஒவ்வொரு எந்திரத்தின் மேலும் லயத்தில் இருப்பவர்களின் உரிமை நிற்கிறது. அங்கே மறுபடி புகைபோக்கி புகைய வேண்டுமானால், பாகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகாமல் இருப்பதே முதல் தேவை. பல ஆண்டு நின்ற என்ஜினில் கோரைவிட முன்னதாக ஹோஸ், வாட்டர் பம்ப் சீல், தெர்மோஸ்டாட் மூன்றையும் மாற்றி, உள்ளே தங்கிய துருவைக் கழுவி வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் துரு முதல் நாளே புது கோரின் டியூப்களில் போய் அடைத்துக்கொள்ளும். பட்டறை ரசீதில் டியூப் வரிசை, ஃபின் எண்ணிக்கை, எந்த அழுத்தத்தில் காற்றுச் சோதனை நடந்தது, பழைய செம்புக்கு எத்தனை கிலோ கழித்தார்கள் என்ற நாலையும் எழுதி வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.